வெறும் வண்டி துள்ளும்

ஸ்பிரிங் வாங்கப் போகிறவர்கள் எடுத்த எடுப்பில் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். வண்டி எவ்வளவு தூக்கும், பார்க்க எப்படி இருக்கும் என்று. அது தப்பு. முதலில் கேட்க வேண்டியது, வண்டி எவ்வளவு பாரம் சுமக்கப்போகிறது என்பது. உயரம் அதற்குப் பின்னால் தானாக வரும். உங்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் ஜீப்பைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே வந்தேன், மேடம். பின்பக்கம் இடதுபுறம் கொஞ்சம் தொங்குகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்திருக்கும். இந்த வேலை முடிந்ததும் நானே பார்த்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் மனைவி உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதில் பொய் எதுவும் இருக்காது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் சில விஷயங்கள் விட்டுப்போயிருக்கும். அவை அவளுக்குத் தெரியாது. அவற்றையும் நானே சொல்லிவிடுகிறேன். எந்தக் காரியத்தையும் அரைகுறையாக விட்டுப் பழக்கமில்லை எனக்கு.

நான் மலைமேல் இருக்கும் நீர்த்தேக்கத்தின் பராமரிப்பாளர். மதகைத் திறப்பது, மூடுவது, நீர்மட்டம் பார்ப்பது, குழாய்களுக்கு மசகு போடுவது. வேலையோடு வீடும் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், கதவைத் திறந்தால் காற்று. குறை ஒன்றே ஒன்றுதான். அடிவாரத்திலிருந்து வீட்டுக்கு வரும் பாதையைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்காக. பாறையும் பள்ளமும் ஓடைக்கல்லும். சாதாரணக் கார் முதல் வளைவிலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் இருந்தால்தான் வீடு; இல்லாவிட்டால் நடை.

என் மனைவி கீழே நகரத்து நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். ஊரே அவளைக் 'கோச்' என்றுதான் கூப்பிடும். ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். கழுத்தில் விசில் இல்லாமல் நான் அவளைப் பார்த்தது கல்யாணத்தன்று மட்டும்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குழு, போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குழு, ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஒரு குழு. அந்தக் கடைசிக் குழுவினர் தங்களுக்குத் தாங்களே 'நீர்யானைகள்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள். ஆளுக்கு ஆள் சதைப்பிடிப்பு, சிரிப்பு அதைவிட அதிகம். அவர்களுடைய தலைவி லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். லாரியம்மா என்பார்கள். உங்களுக்கும் தெரிந்திருக்கும், புகாரோடு வந்து உங்கள் மேசையைத் தட்டியது அவர்தான் என்று கேள்விப்பட்டேன்.

என் மனைவி விடிவதற்கு முன் ஜீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினால், இருட்டிய பிறகுதான் ஏறுவாள். நான் சாயங்காலம் தேநீர் போடுவேன். இரண்டு டம்ளர். என்னுடையதைக் குடித்துவிட்டு அவளுடையது ஆறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்ததும் ஈரத்தலையோடு, யார் இன்று மூக்கில் தண்ணீர் ஏற்றிக்கொண்டார்கள், யாருடைய நீச்சலுடை கிழிந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சூப்பரா இருக்குங்க" என்பாள். ஆறிப்போன தேநீர் எப்படி நன்றாக இருக்கும். அவளுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

வேலையை விடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் சண்டை வரும். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து குரல் உயர்த்திப் பேசியதில்லை நான். இதை அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஜீப்பின் பழைய ஸ்பிரிங்குகள் தளர்ந்துபோயிருந்தன. அது உண்மை. மாற்றத்தான் வேண்டியிருந்தது. நகரத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் மட்டுமே விற்றுப் பொருத்தித் தரும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் கலகலப்பான மனிதர். ஸ்பிரிங் என்றால் போதும், வாயில் ஈ நுழைந்தாலும் தெரியாமல் பேசுவார். நான் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்லுங்க சார், வண்டியில என்ன ஏத்துவீங்க?"

என் ஒரே பொய் அந்த இடத்தில்தான். யோசித்துச் சொன்னதுகூட இல்லை. அதுவாக வந்தது.

"சிமென்ட். தினமும் அரை டன். அணைக்கட்டு வேலைக்கு."

அவர் மூலையிலிருந்து ஒரு காயில் ஸ்பிரிங்கைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார். கம்பி என் கட்டைவிரல் தடிமனுக்கு மேல் இருந்தது.

"அப்போ இதுதான் சார் உங்களுக்கு. நாலு அங்குலம் தூக்கும். அரை டன் ஏத்தினா மெத்தை மாதிரி படிஞ்சு போகும். ஆனா ஒண்ணு, வெறும் வண்டியா ஓட்டிடாதீங்க. துள்ளும். உள்ள இருக்கிறவங்களைத் தூக்கிக் கூரையில அடிக்கும்."

"அப்படியா" என்றேன்.

"ஆமா சார். எலும்பெல்லாம் இடம் மாறிடும்."

வாங்கிக்கொண்டேன். அதற்குத் தோதாக நீளமான ஷாக்குகளையும் எடுத்தேன். ஷாக்கில் விலை குறைந்தது, கூடியது என்று பல வகை உண்டு. நான் எடுத்தது உயர்ந்த வகை. அடியில் ஒரு குமிழ் இருக்கும். இடதுபக்கம் திருப்பினால் இளகும், வலதுபக்கம் திருப்பினால் இறுகும். கடைக்காரர் என் ரசனையைப் பாராட்டினார். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்படியே பக்கவாட்டுப் படிகளையும் கழற்றச் சொன்னேன். பாறையில் இடிக்கிறது என்றேன். இடித்ததில்லை.

என் கணக்கு மிக எளிது. வண்டியில் ஏறுவது சிரமமாக இருந்தால், போய் வருவது அலுப்பாக இருந்தால், அவள் தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்வாள். பாம்பும் சாக வேண்டும், கம்பும் முறியக் கூடாது என்பார்களே, அப்படி.

ஆனால் நான் கட்டிக்கொண்டவளை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலை அவள் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தாள். சீட் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. இரண்டடி பின்னால் போனாள், விசில் ஊதினாள், ஓடி வந்து ஒரே தாவு. தண்ணீரிலிருந்து எம்பிக் குளத்துக்கரையில் ஏறுகிறவளுக்கு ஜீப் ஒரு பொருட்டா. அன்று இரவு திரும்பி வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னங்க, வண்டியா இது, குதிரையா? மூணு இடத்துல சீட்டை விட்டு மேல போயிட்டேன். நாளைக்கு நீர்யானைங்களைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போகணும்."

நான் குமிழை இன்னும் வலப்பக்கம் திருப்பினேன். அவள் இன்னும் சிரித்தாள். நீச்சல்காரி உடம்பு, ரப்பர் மாதிரி. இப்படியே சில வாரங்கள் போயின. நான் தனியாக ஓட்டும் நாட்களில் குமிழை இடதுபக்கம் திருப்பிக்கொள்வேன், திரும்பி வந்ததும் வலப்பக்கம் வைத்துவிடுவேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே முதுகு கொஞ்சம் மென்மை.

ஒரு விடுமுறை நாள். இருவரும் அவள் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டினேன். அணைக்கு அடுத்த வளைவில் ஒரு பள்ளம் உண்டு. மேலிருந்து பார்த்தால் நிழல் மாதிரி தெரியும். அந்த இடத்தில் நான் எப்போதும் ஆமை மாதிரி இறங்குவேன். அன்று அவள் பின்சீட்டில் இருந்த பழக்கூடையை எடுக்க இடுப்பை முறுக்கித் திரும்பியிருந்தாள். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

இது அவள் எழுதியதில் இருக்காது. அந்தப் பள்ளம் என் கண்ணில் படவில்லை என்று அவள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கலாம். என் கண்ணில் பட்டது. எழுதிக்கொள்ளுங்கள்.

முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்றார் டாக்டர். முதலில் படுக்கை. வலி தணிந்த பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை கீழே வந்து பயிற்சி செய்ய வேண்டும். "நீங்க நீச்சல் கோச்சா, நல்லதாப் போச்சு, தண்ணிதான் உங்களுக்கு மருந்து" என்றார். நான் தலையாட்டினேன். நல்ல டாக்டர். அவருக்குப் பாதையைப் பற்றித் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான், மேடம், எங்கள் தாம்பத்தியத்திலேயே நல்ல மாதங்கள். சாயங்காலம் தேநீர் போட்டால் இரண்டு டம்ளரும் சூடாகவே காலியாகும். வெந்நீர்ப் பையை முதுகுக்கு வைப்பேன். தலை வாரிவிடுவேன். செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துக் காட்டுவேன். அவளுக்கு எது தேவையென்றாலும் படுத்தபடியே விசில் ஊதுவாள். ஒரு ஊதலுக்குத் தண்ணீர், இரண்டு ஊதலுக்குத் தலையணை. நான் ஓடுவேன். எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள். பயிற்சிக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டுபோனேன். இரண்டாவது முறை பாதி வழியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாங்க, போறதுலயே முதுகு போயிடுது" என்றாள். சரி என்று திருப்பினேன். அவள் சொல்லுக்கு நான் என்றைக்கும் மறுப்புச் சொன்னதில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விசில் சத்தம் குறைந்தது. கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். ஓய்வுக்கு உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அவள் அண்ணன் போன் செய்தது அப்போதுதான். அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். "தங்கமான மாப்பிள்ளை" என்று போகிற இடமெல்லாம் சொல்வார். இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்றார்கள். ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. மச்சான் நான்கு ஆட்களோடு வந்து தங்கையைக் கட்டிலோடு தூக்கிப்போகிறேன் என்றார். மழை பெய்து பாறை வழுக்குகிறது, நானே ஜீப்பில் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் என்றேன்.

காலையில் அவளை வண்டியில் ஏற்றுவதற்கு முன், அடியில் குனிந்து நான்கு குமிழ்களையும் வலதுபக்கம் கடைசிவரை திருப்பினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அவள் ஒரு தடவை கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே அண்ணன் வீடு இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், குளம் இருக்கிறது. உடம்பு தேறும்வரை இங்கேயே இரு என்பார்கள். தேறியும் விடும். நான் அதை யோசிக்க வேண்டாமா.

அவள் துண்டைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள். சாதாரண நெஞ்சழுத்தம் இல்லை அவளுக்கு. ஓடைவரை வந்துவிட்டாள். ஓடைக்கல்லில் சக்கரம் ஏறி இறங்கியபோது கத்தினாள். வண்டியை நிறுத்தி, "போகலாமா, திரும்பலாமா, நீயே சொல்லு" என்றேன். பல்லிடுக்கிலிருந்த துண்டை எடுத்தாள். பிறகு "திருப்புங்க" என்றாள். அவள்தான் சொன்னாள். நான் அவளைத் தடுக்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

அத்தை மறுநாள் போய்விட்டார். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். என் அழுகையில் பொய் இல்லை, மேடம்.

அடுத்து நடந்தது ஸ்பிரிங் கடைக்காரர் பின்னால் எனக்குச் சொன்னது. அவர் தம் வாடிக்கையாளர்களை விசாரிக்கிற பழக்கம் உள்ளவர். நான் மதகில் இருந்த நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்.

"வணக்கம்மா. ஸ்பிரிங் கடையிலேர்ந்து பேசறேன். புது செட்டு எப்படி இருக்கு? லோடு தாங்குதா?"

"என்ன லோடு?"

"சிமென்ட்டும்மா. தினமும் அரை டன் ஏத்தறதா சார் சொன்னாரே."

"எங்க வண்டியில இதுவரைக்கும் ஏத்தின பெரிய லோடு பழக்கூடைதான் அண்ணே."

உடனே அவர், "அம்மா, வெறும் வண்டியாவா ஓட்டறீங்க? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டிருக்கிறார். அவள் நிதானமாக ஒவ்வொன்றாக விசாரித்திருக்கிறாள். எவ்வளவு பாரம் ஏற்றினால் படியும், ஷாக்கில் ஏதாவது செய்யலாமா. குமிழைப் பற்றியும் அவர் சொல்லியிருக்கிறார். சொல்லக் கூடாது என்று நான் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. என் தவறு.

அன்று சாயங்காலம் அவள் தேநீரை வாங்கிக் குடித்தாள். "இன்னிக்கு நல்லா இருக்குங்க" என்றாள். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று.

சில நாள் கழித்து, காலையில் நான் மதகின் அடியில் மசகு போட்டுக்கொண்டிருந்தபோது விசில் கேட்டது. அந்த மாதிரி ஊதல் கேட்டுப் பல நாளாகியிருந்தது. ஒரு ஊதலும் இல்லை, இரண்டு ஊதலும் இல்லை, குளத்தில் பந்தயம் தொடங்கும்போது ஊதுவாளே, அந்த நீள ஊதல். படியேறி மேலே வந்து பார்த்தால் பாதையில் நீர்யானைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஏழு பேர். மூச்சு வாங்க, வியர்வை வழிய, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு. நடுவில் இரண்டு பேர் தோளில் குளத்தின் இரும்பு ஏணி. கழற்றி எடுத்தே வந்துவிட்டார்கள்.

நான் அணையைச் சுற்றி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளை ஏணி வழியாக முன்சீட்டில் ஏற்றி, சுற்றிலும் தலையணை அடைத்து வைத்திருந்தார்கள். ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. லாரியம்மா.

"என்ன நடக்குது இங்க?" என்றேன்.

"லோடு ஏத்தறோம் சார்" என்றது ஜீப்பின் அடியிலிருந்து வந்த குரல். "ஒதுங்கி நில்லுங்க."

மற்றவர்கள் பின்னால் ஏறத் தொடங்கினார்கள்.

"நான் அறுபத்தெட்டுக் கிலோ."

"அடிப் பாவி, அது உன் கல்யாணத்தப்போ. உண்மையைச் சொல்லு, ஸ்பிரிங்கை ஏமாத்த முடியாது."

"சரி, எண்பத்து நாலு. போதுமா?"

"போதும். சக்கரத்துக்கு மேல வந்து உக்காரு."

ஒவ்வொருவராக ஏற ஏற வண்டி இறங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் சரியாக எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வந்து நின்றது. எனக்கே வியப்பாக இருந்தது.

லாரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். என் மனைவி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பாடம் கேட்கிற பிள்ளையைப் போல இருந்தது அவள் முகம்.

"என்னங்க, அம்மாவை ஆஸ்பத்திரியில பார்க்கப் புறப்பட்டோமே, அன்னிக்குக் குமிழ் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

"வலது பக்கம்" என்றேன். "கடைசிவரைக்கும்."

அவள் தலையை ஒரு முறை ஆட்டினாள். விசிலை வாயில் வைத்து ஊதினாள். வண்டி கிளம்பியது.

நான் அணைமேல் நின்று கடைசி வளைவுவரை பார்த்தேன். ஓடைக்கல்லில் ஏறியபோதுகூட ஒரு துள்ளல் இல்லை. தொட்டில் மாதிரி அசைந்து போயிற்று. கீழேயிருந்து அவர்கள் சிரிக்கிற சத்தம் வந்தது, அதில் அவள் சிரிப்பும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தேர்ந்தெடுத்த ஸ்பிரிங். இப்படிப் படிகிறதென்றால் தேர்வு சரி என்றுதானே அர்த்தம்.

இப்போது தினமும் தண்ணீரில் இறங்குகிறாளாம். முதுகு நன்றாகத் தேறிவருகிறது என்று மச்சானே சொன்னார். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். நல்ல சேதி. நான் சந்தோஷப்படுகிறேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறென்ன ஆசை.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். பொய் சொல்லி அந்த ஸ்பிரிங்கை வாங்கியது நான். படிகளைக் கழற்றியது நான். பள்ளத்தில் வேகமாக விட்டது நான். அத்தை சாகக் கிடந்த காலையில் குமிழை இறுக்கியது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். புகாரில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'அடைத்து வைத்தார்' என்று இருக்கிறதாம். எங்கள் வீட்டு வாசல்கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது, மேடம். வந்து பார்க்கலாம்.

ஜீப்பை அவள் ஸ்பிரிங் கடையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இங்கே வருவதற்கு முன் அங்கே போய்விட்டுத்தான் வந்தேன். கடைக்காரர் முன்போல நாற்காலி இழுத்துப் போடவில்லை. பரவாயில்லை. ஆள் மட்டும் ஏறுகிற வண்டிக்கு ஏற்ற ஸ்பிரிங்காகப் போடச் சொன்னேன். உயரம் குறைவாக, இருபுறமும் அகலமான படியோடு, பஞ்சு மாதிரி. வந்து உட்கார்ந்து பார்த்தால் அவளுக்கே தெரியும் நான் எவ்வளவு மாறிவிட்டேன் என்று.

"பழைய செட்டை என்ன பண்ண? எடைக்குப் போட்டுடவா?" என்று முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

வேண்டாம் என்றேன். எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, பத்திரமாக வைக்கச் சொன்னேன். நல்ல ஸ்பிரிங். அவள் திரும்பி வந்து, வீடு பழகி, எல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.